பத்துக் கேள்விகளும் ஒரு மலையும்

குழந்தைப்பருவத் துன்பத்தை அளக்கும் ஒரு கருவி எல்லா மக்களிடமும் ஒரேபோல் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க, கேமரன் மலையைவிடக் கடுமையான களம் மலேசியாவில் கிடைப்பது அரிது. பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை அங்கேதான். சுற்றுவட்டாரத்தில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்கள், அவற்றின் லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள்; பள்ளத்தாக்குகளில் காய்கறி பயிரிடும் சீனக் குடும்பங்கள்; மலாய்க்காரர்கள்; இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இந்தக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட செமாய் பூர்வக்குடிகள். இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பல வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. ஒரே குளிர், ஒரே மழை, ஒரே சாலை. ஆனால் இந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளின் இளமைக்காலங்கள் ஒன்றுபோல் இல்லை. அவற்றில் எது அதிகத் துயரம் கொண்டது என்று கேட்பவர்கள் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

உலகில் இன்று பெரிதும் பயன்படும் கருவி அமெரிக்காவில் பிறந்தது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் வின்சென்ட் ஃபெலிட்டியும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் அண்டாவும் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் முதல் 18 வயதைப் பற்றி எழுத்து வழியாகக் கேட்டார்கள். அடித்தார்களா, அவமானப்படுத்தினார்களா, பாலியல் தொல்லை இருந்ததா, கவனிப்பாரின்றி விடப்பட்டீர்களா, தாய் அடிபடுவதைப் பார்த்தீர்களா, வீட்டில் குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் உண்டா, மனநோயாளியோ தற்கொலைக்கு முயன்றவரோ உண்டா, பெற்றோர் பிரிந்தார்களா, யாராவது சிறை சென்றார்களா. 1998இல் வெளியான முதல் கட்டுரையில் ஏழு வகைகள் இருந்தன. பின்னர் அவை பத்தாயின. ஒவ்வொரு 'ஆம்' என்ற பதிலுக்கும் ஒரு புள்ளி. நான்கோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குக் குடி அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் வாய்ப்பு, ஒன்றுமே பெறாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நடுவயதில் வரும் நோயின் வேர் மழலைப் பருவத்தில் இருக்கலாம் என்பதை இவ்வளவு எளிய கணக்கால் யாரும் அதற்கு முன் காட்டவில்லை. ஏஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வுக்கு மருத்துவம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த 17,000 பேர் யார்? நான்கில் மூவர் வெள்ளையர். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். ஆகவே அந்தப் பத்து வகைகளும் வீட்டுச் சுவருக்குள் நடப்பவை. வேலையும் காப்பீடும் உள்ள ஒருவருடைய குழந்தைப்பருவத்தில் துன்பம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லாமல் எடுத்துக்கொண்டது. பிறகு அதே பட்டியலைச் சற்றே மாற்றி இனங்களை ஒப்பிடத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு தேசியக் குழந்தை நல ஆய்வில், ஒரு துன்ப அனுபவமேனும் உள்ள குழந்தைகள் கறுப்பினத்தவரில் 61 விழுக்காடு, லத்தீன் அமெரிக்க வழியினரில் 51, வெள்ளையரில் 40, ஆசியரில் 23. இந்த வரிசையைப் பார்த்ததும் ஆசியப் பெற்றோர் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் பதில் சொன்னவர்கள் குழந்தைகள் அல்லர், பெற்றோர். அடித்தீர்களா என்ற கேள்வியே அதில் இல்லை. விவாகரத்து, சிறை, பணக் கஷ்டம் போன்றவை இருந்தன. விவாகரத்து குறைவாக உள்ள, குடும்ப விஷயத்தை வெளியாரிடம் சொல்லத் தயங்கும் ஒரு சமூகம் இந்தப் பட்டியலில் கீழே வருவதற்கு அதன் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைக் கற்பனையான ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். இரண்டு சமூகங்களில் நூற்றுக்கு 30 பிள்ளைகள் வீட்டில் கடுமையாக அடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சமூகத்தில் அடிபடும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவதில் ஐந்து பேர். ஆய்வு அறிக்கையில் ஒன்று 27, மற்றொன்று 15 என்று வரும். உண்மையில் இல்லாத வேறுபாடு கிட்டத்தட்ட இரண்டு மடங்காக அச்சாகிவிட்டது. மழையில் நனைந்த கொழுந்தையும் வெயிலில் பறித்த கொழுந்தையும் ஒரே தராசில் நிறுத்து, நீருக்குக் கழிக்காமல் ஒரே கணக்கில் எழுதினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்: தராசில் கோளாறே இல்லை, எழுதிய எண் மட்டும் தவறு. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம், ஆகவே நியாயமாக அளந்தோம் என்று ஆய்வாளர்கள் சொல்வது வழக்கம். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. ஒரே புள்ளி ஒரேவிதமான குழந்தைப்பருவத்தைக் குறிக்கிறது என்று காட்டும் பொறுப்பு ஒப்பிடுகிறவருடையது. அதைக் காட்டாதவரை இனங்களை வரிசைப்படுத்தும் அட்டவணைக்கு அறிவியல் என்ற பெயர் பொருந்தாது.

கேள்விகளை ஒவ்வொன்றாக மலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். குடியிலிருந்தே தொடங்கலாம். தோட்டத்துத் தமிழரின் குடி மறைவானதாக இருந்ததில்லை. காலனிய ஆட்சி உரிமம் கொடுத்த கள்ளுக்கடைகள் தோட்டங்களிலேயே இருந்தன. பின்னர் சம்சு என்ற மலிவான சாராயம் வந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் யார் வீட்டு அப்பா குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு தமிழ்ப் பிள்ளை 'ஆம்' என்று எழுதுவதில் புதிதாக வெளிப்படும் இரகசியம் ஏதுமில்லை. அதே பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மலாய்ப் பிள்ளைக்கு அதே கேள்வி வேறொன்று. முஸ்லிம் மது அருந்துவது பகாங்கில் ஷரியா சட்டப்படி குற்றம். 2009இல் பீர் அருந்தியதற்காக ஒரு பெண்ணுக்கு இம்மாநில ஷரியா நீதிமன்றம் பிரம்படி விதித்து, அது மறு ஆண்டு சமூகப் பணியாக மாற்றப்பட்டது உலகச் செய்தியானது. அப்பா குடிப்பார் என்று எழுதும் மலாய்ச் சிறுவன் தன் மனத்தில் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். உண்மையில் மலாய் வீடுகளில் குடி குறைவு என்பதே சரியாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைவு என்பதை இந்தக் கேள்வியால் சொல்ல முடியாது. உண்மைக் குறைவும் மௌனமும் ஒரே விடையில் கலந்துவிட்டன.

அடுத்து, பெற்றோர் பிரிவு. மண முறிவைக் கேட்கும் கேள்விக்கு, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் தந்தையை உடைய பிள்ளை 'இல்லை' என்றே எழுதும். அவர் கீழே நகரத்திலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார், பிரியவில்லை. சிறை பற்றிய கேள்வி குடும்பத்தை எவ்வளவு அளக்கிறதோ அவ்வளவு போலீசையும் அளக்கிறது: எந்தச் சமூகத்து இளைஞரைக் காவலர் அதிகம் நிறுத்திச் சோதிக்கிறார்களோ அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்குத் தானாகவே புள்ளி கூடும். கவனிப்பின்மை பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. கொழுந்துக்கு விடியலில் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். சற்று வளர்ந்த பிள்ளைகளை மூத்த மகள் பார்த்துக்கொள்வாள். எட்டு வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைப்பது நகரத்துச் சமூகநல அதிகாரியின் பார்வையில் புறக்கணிப்பு. அந்த அக்காவோ தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று ஒருபோதும் எழுதமாட்டாள்; பொறுப்பு தன் தலையில் விழுந்ததை அவள் பெருமையாகவே நினைப்பாள், அதனால் அவள் பள்ளி நாட்கள் குறைந்திருந்தாலும்கூட. அதிகாரியின் எண் அதிகம், அக்காவின் எண் குறைவு. இரண்டில் எதுவும் அவள் இழந்ததைச் சொல்லவில்லை.

கேட்ட கேள்விகளின் கதை இது. கேட்காத கேள்விகள் இதைவிடப் பெரியவை. 2015 ஆகஸ்டில், கேமரன் மலைக்கு வடக்கே கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் மாவட்டத்தில், போஸ் தோஹோய் விடுதிப் பள்ளியிலிருந்து ஏழு பூர்வக்குடிச் சிறார்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம். 47 நாட்களுக்குப் பிறகு இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டனர். ஏழு வயதில் வீட்டைவிட்டு, தன் மொழி பேசாதவர்கள் நடத்தும் விடுதியில் தங்கிப் படிக்க நேர்வது ஏஸ் பட்டியலில் எந்த வகையிலும் சேராது. பெற்றோர் அன்பானவர்கள், குடியில்லை, அடியில்லை என்றால் அந்தக் குழந்தையின் புள்ளி பூஜ்யம். பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலோ அவர்களிடமே ஆவணம் இல்லாததாலோ, 12 வயதில் வகுப்புத் தோழர்கள் மைகார்டு என்ற அடையாள அட்டையை வாங்கும்போது வெறுங்கையோடு நிற்கும் இந்தியப் பிள்ளைக்கும் பூஜ்யமே. 2013 அக்டோபரில் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்ததை நேரில் கண்ட பிள்ளைக்கும் அதே பூஜ்யம். வெளியுலகம் இழைக்கும் துன்பத்தைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடப்பதை மட்டும் எண்ணும்போது, மிகவும் ஒதுக்கப்பட்டவர்களின் துன்பத்தில் பாதி மறைந்துபோகிறது. மிச்சமுள்ள பாதி அவர்களுடைய பெற்றோரின் குற்றமாகப் பதிவாகிறது. ஒரே மக்கள் ஒரே நேரத்தில் குறைத்தும் கூட்டியும் அளக்கப்படுகிறார்கள்.

இதை உணர்ந்தவர்கள் பட்டியலை விரித்தார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1,784 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, தெருவில் வன்முறையைப் பார்த்தது, பாகுபாடு, பாதுகாப்பற்ற குடியிருப்பு, சக மாணவரின் கொடுமை, வளர்ப்பு இல்லத்தில் வாழ்ந்தது ஆகியவற்றைச் சேர்த்தது. 2015இல் வெளியான முடிவின்படி, அவர்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கு இந்தப் புதிய வகைத் துன்பங்கள் மட்டுமே இருந்தன. பழைய பட்டியல் அவர்களைத் துன்பமற்றவர்கள் என்று கணக்கில் எழுதியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு வினாத்தாளில் போர் உள்ளிட்ட கூட்டு வன்முறையும் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரிடம் அதைக் கேட்காமல் விடுவது எவ்வளவு அபத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

விரித்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு குழுவிடமும் எப்படி இயங்குகிறது என்று சோதிக்கப் புள்ளியியலில் வழிகள் உண்டு. அடிப்படை யோசனை எளியது: மொத்தத் துன்பத்தின் அளவு சமமாக உள்ள இரண்டு குழுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் அவர்களின் விடைகள் வேறுபடுகின்றனவா என்று பார்ப்பது. குடிக் கேள்வியில் மலாய்ப் பிள்ளைகள் மட்டும் தனியாக விலகி நின்றால், அந்தக் கேள்வி அவர்களிடம் வேறுமாதிரி இயங்குகிறது என்று பிடிபட்டுவிடும். இந்தச் சோதனை இல்லாமல் வெளியாகும் இன ஒப்பீடுகள் இன்றும் ஏராளம். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. பாடநூல்கள் அதை மெல்லிய குரலில் மட்டுமே சொல்கின்றன. ஒரு சமூகம் பத்துக் கேள்விகளிலும் ஒரே அளவு வாய் மூடினால், எந்தக் கேள்வியும் தனித்து விலகித் தெரியாது. கணக்கு அந்த மௌனத்தைத் துன்பக் குறைவு என்றே படிக்கும். வினாத்தாளுக்குள் இருந்துகொண்டே இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். 2004இல் கேரி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த முறை ஒன்று இங்கே உதவும். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து தட்டை வீசும் ஒரு கற்பனைத் தந்தையின் கதையை எல்லாரிடமும் படிக்கக் கொடுத்து, இது எவ்வளவு மோசம் என்று மதிப்பிடச் சொல்வது. ஒரே கதைக்கு இரண்டு குழுக்கள் வேறு வேறு மதிப்புத் தந்தால், அவர்கள் தங்கள் வாழ்க்கையை எந்த அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள் என்பது தெரியவரும். அதை வைத்துச் சொந்த விடைகளைத் திருத்தலாம். வெட்கத்தையும் பயத்தையும் இது முழுதாக நீக்காது. அதற்குக் கேட்பவர் யார், எந்த மொழியில் கேட்கிறார், ஆசிரியர் அறையில் இருக்கிறாரா என்பவற்றை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

வினாத்தாளை விட்டுவிட்டு ஆவணங்களை நம்பலாமே என்று கேட்கலாம். மருத்துவமனைப் பதிவும் இறப்புப் பதிவும் வெட்கப்படாதே? இந்த மலையே இதற்கு விடை வைத்திருக்கிறது. மனநல மருத்துவர் டி. மணியம் 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் கேமரன் மலையின் தற்கொலைகளையும் முயற்சிகளையும் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்தியர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக அதில் இருந்தார்கள். பெற்றோரை இப்படி இழப்பதோ, அவர் முயல்வதைப் பார்ப்பதோ ஒரு பிள்ளையின் வாழ்வில் பதியும் ஆழமான காயங்களில் ஒன்று. ஆகவே இந்த எண் குழந்தைகளைப் பற்றியதும்தான். மணியம் அதோடு நின்றுவிடவில்லை. 1994இல், அதே மலையில் இறந்தவர்களின் குடும்பங்களை ஒப்பீட்டுக் குழுவோடு வைத்து ஆராய்ந்தார்: ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு நிறுத்தாமல், குடும்பத்தோடு குடும்பத்தை நிறுத்துவது. இந்தியர் ஏன் இப்படி என்ற கேள்வியை, எந்த வீடு ஏன் உடைகிறது என்ற கேள்வியாக அது மாற்றுகிறது. 1995இல் இன்னொரு கட்டுரையில், 1966 முதல் 1990 வரையிலான மலேசியப் புள்ளிவிவரங்களில் தற்கொலைகள் காரணம் தெரியாத மரணங்களாக வகைமாற்றிப் பதிவாகியிருப்பதற்கான சான்றுகளைக் காட்டினார். முயற்சியே குற்றம் என்று சொன்ன தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை உண்மையைப் பதிவு செய்யத் தயங்கக் குடும்பத்துக்குக் காரணம் இருந்தது. எந்தச் சமூகத்தில் மதத்தடை கடுமையோ அங்கே தயக்கமும் அதிகம். ஆவணமும் வெட்கப்படுகிறது.

இனத்தைப் பற்றியே பேசாமல் வர்க்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்பது இன்னொரு மறுப்பு. வருமானத்தையும் வசிப்பிடத்தையும் சமன் செய்துவிட்டால் இன வேறுபாடு மறைந்துவிடும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில் லயத்துத் தொழிலாளியின் மகளும் கோலாலம்பூர் வழக்கறிஞரின் மகளும் அடைக்கப்படும்போது அந்தக் கட்டம் யாரையும் விவரிப்பதில்லை. ஆனால் தமிழர் தோட்டத்துக்கு வந்தது தற்செயல் அல்ல. குறிப்பிட்ட மக்களைக் குறிப்பிட்ட வேலைக்கென்றே காலனிய ஆட்சி கொண்டுவந்தது. இனமும் வேலையும் இருப்பிடமும் ஒரே கையால் முடிச்சிடப்பட்டவை. தோட்ட வாழ்க்கையின் விளைவைக் கணக்கில் கழித்துவிட்டு, மீதி எதுவும் இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்பது, காரணத்தை நீக்கிவிட்டு விளைவைத் தேடுவதாகும். கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் அச்சிடுங்கள். எதைக் கழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இன எண்ணிக்கையே களங்கம் சேர்க்கிறது, அதைக் கைவிடுவோம் என்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். 'இந்தியர் என்றால் குடி' என்ற பழிச்சொல்லுக்கு இந்த அட்டவணைகளே தீனி போட்டிருக்கின்றன. இருந்தும், பூர்வக்குடிகளுக்கு ஜாகோவா துறை, இந்தியர்களுக்கு மித்ரா பிரிவு என்று அரசின் உதவியே இனவாரியாக ஓடும் நாட்டில், எண் இல்லாத சமூகத்துக்கு வாதாட ஆதாரமும் இருக்காது.

ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கேள்வி வைத்தால் ஒப்பீடே செத்துவிடாதா? முழுப் பட்டியலையும் மாற்றினால் செத்துவிடும். சோதனையில் தேறிய சில கேள்விகளைப் பொது மையமாக வைத்து, அவற்றை மட்டுமே குழுக்களுக்கிடையே ஒப்பிடலாம். விடுதி, ஆவணம், வெள்ளம் போன்ற உள்ளூர்க் கேள்விகள் அந்தந்தச் சமூகத்துக்குள் யாருக்கு உதவி முதலில் தேவை என்று காட்டும். இரண்டையும் கூட்டி ஒரே மொத்தமாக்கி வரிசைப்படுத்தும் ஆசையைத்தான் விட வேண்டியிருக்கிறது. பாகுபாட்டைப் பட்டியலில் சேர்த்தால் சிறுபான்மையினரின் எண் செயற்கையாக ஏறும் என்ற முறையீட்டுக்கும் இதுவே பதில்: சேர்க்காமல் விட்டபோது அது செயற்கையாக இறங்கியிருந்தது.

எல்லா மறுப்புகளிலும் கனமானது வேறொன்று. ஒவ்வொரு பண்பாட்டின் அளவுகோலும் வேறு என்று சொல்லிக்கொண்டே போனால், பிரம்பால் அடிப்பது எங்கள் வழக்கம், அதைத் துன்பமென்று எண்ணாதே என்பவரிடம் என்ன சொல்வது? மலேசியப் பள்ளிகளிலேயே ஆண்பிள்ளைகளுக்குப் பிரம்படி தர விதி இடம் கொடுக்கிறது. வீட்டில் சொல்லவே வேண்டாம். இதற்குச் சான்றிலிருந்தே பதில் சொல்ல முடியும். ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் குழுவினரும் 2005இல் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆராய்ந்தார்கள். அடி வழக்கமாக உள்ள இடங்களில், அடிபடுவதற்கும் பிள்ளையின் பதற்றம், முரட்டுத்தனம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு வலுக் குறைந்திருந்தது. ஆனால் அது மறையவில்லை; அதிகம் அடிபட்ட பிள்ளைகள் எங்குமே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வழக்கம் வலியைத் தணிக்கிறது, இல்லாமலாக்குவதில்லை. ஆகவே அடியைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. எல்லா இடத்திலும் அதற்கு ஒரே எடை ஒரு புள்ளி என்று வைப்பதை மட்டும் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

இந்த எண்களை ஒரு தனிப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019இல் 16 ஆய்வுகளைத் தொகுத்த ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர், குழந்தையாக இருந்தபோதே பதிவான கொடுமையையும் வளர்ந்தபின் நினைவுகூர்ந்த கொடுமையையும் ஒப்பிட்டார்கள். குழந்தைப்பருவத்தில் பதிவானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் அதைச் சொல்லவில்லை. ஏஸ் ஆய்வின் மூலவரான அண்டாவே 2020இல், இந்தப் புள்ளியைத் தனி ஆளைச் சல்லடை போடப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். பள்ளிகளில் மட்டும் நடக்கும் ஆய்வுக்கு மேலும் ஒரு குறை உண்டு. மலேசியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய இளையோர் நல ஆய்வு, இடைநிலைப்பள்ளி மாணவர்களில் 18.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. படிவம் ஒன்றுக்கு முன்பே பள்ளியை விட்டுவிட்ட பூர்வக்குடிப் பிள்ளை அந்தக் கணக்கின் மேற்பகுதியிலும் இல்லை, கீழ்ப்பகுதியிலும் இல்லை. கொழுந்து பறிக்க வந்த வங்காளதேசத் தொழிலாளியின் வேலை அனுமதி குடும்பத்தை உடன் அழைத்துவர இடம் தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் தந்தையைப் பிரிந்து வளரும் அவருடைய பிள்ளைகளின் இழப்பு இந்தத் தேயிலையின் உற்பத்திச் செலவில் ஒரு பகுதி. அது எந்த மாவட்டத்தின் எந்த இனக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு இன்றைய எந்த வினாத்தாளிலும் இடமில்லை. நாட்டெல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணும்வரை இருக்கவும் போவதில்லை.